நெஞ்சைப் பார்த்து நிற்கும் கம்பி

என் நெஞ்சை அறுத்துத் திறந்து, அடைத்துக்கொண்ட குழாய்களை மாற்றிப் போட்டு, மூடித் தைத்த ஒன்பதாம் நாள் அது. ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் நின்றபடி என் வீட்டுக்காரி சொன்னாள்.

"அந்தக் கம்பி உங்க நெஞ்சப் பாத்து நிக்கிற வரைக்கும் நான் அந்த வண்டியில ஏற மாட்டேன்."

"அது கம்பி இல்ல. ஸ்டியரிங் தண்டு" என்றேன்.

"ஏதோ ஒண்ணு. ஏற மாட்டேன்."

பக்கத்துக் கட்டில்காரன் சிரித்தான். அவனுக்கு என்ன தெரியும்? அவளுடைய அண்ணன், என் மச்சான், அந்தத் தண்டு குத்தித்தான் செத்தான். நானும் அவனும் ஒரே மாதத்தில் ஒரே மாதிரி இரண்டு பழைய கார் வாங்கினோம். அவனுடையது பச்சை, என்னுடையது சாம்பல். வாங்கின நாலாம் வருஷம் ஒரு சிறு பாலத்தின் சுவரில் அவன் வண்டி மோதியது. பெரிய மோதல் இல்லை. ஒரு பக்கத்து விளக்கு உடைந்தது, மட்கார்டு மடங்கியது, அவ்வளவுதான். முன் கண்ணாடியில் கீறல்கூட இல்லை. ஆள் மட்டும் இல்லை. அது ஆச்சு இருபத்தொன்பது வருஷம்.

இந்தக் காலத்துக் காரில் அப்படி நடக்காது. தண்டை இரண்டு மூன்று துண்டாகச் செய்து, முன்னால் அடி விழுந்தால் ஒன்றுக்குள் ஒன்று போகிற மாதிரி வைத்துவிடுகிறார்கள். என் காரின் வயது ஐம்பத்தெட்டு. அதில் முன் சக்கரத்துப் பக்கம் இருக்கிற ஸ்டியரிங் பெட்டியிலிருந்து ஓட்டுபவன் கை வரைக்கும் ஒரே இரும்பு. கட்டைவிரல் தடிமன், பத்து வயதுப் பிள்ளையின் உயரம். முன்னால் அடி விழுந்தால் பெட்டி பின்னால் வரும். பெட்டி வந்தால் தண்டும் வரும். அது வந்து சேருகிற இடத்தில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறான். வண்டியைச் செய்தவனுக்கு இது தெரியாமல் போச்சு என்று சொல்வார்கள். தெரிந்துதான் விட்டான் என்பது என் எண்ணம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு இரண்டு மாதம் கூட இருந்தாள். நானாகக் குளிக்கவும் நானாகச் சட்டை போடவும் முடிந்த வாரம், ஒரே ஒரு பையோடு மகள் வீட்டுக்குப் போனாள். அது மூன்று மணி நேரத்துப் பயணம். மகளுக்கு முதுகு வலி, பேத்தியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று காரணம் சொன்னாள். மகளின் முதுகு வலி எந்த ஊரிலும் ஏழு மாதம் நிற்காது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் போன் வரும்.

"சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்."

"மாத்திர?"

"போட்டாச்சு."

பிறகு அவள் மூச்சு விடுவது கேட்கும். நான் மூச்சு விடுவது அவளுக்குக் கேட்டிருக்கும். வைத்துவிடுவோம்.

அவள் வருஷத்துக்கு ஒன்று சொல்வாள், அதை மாற்ற மாட்டாள். ஆக விஷயம் எனக்குத் தெளிவாக இருந்தது. தண்டு இப்படி இருக்கும்வரை வர மாட்டாள். தண்டை மாற்றினால் வருவாள். நான் தண்ணீர் இறைக்கும் நிலையத்தில் முப்பத்து நாலு வருஷம் ஃபிட்டராக இருந்தவன். பழுது இன்னது என்று ஒருத்தர் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

என் வண்டியை நான் எந்தப் பட்டறையிலும் விட்டதில்லை. விட்டால் நல்ல பேரிங்கை உருவிக்கொண்டு தேய்ந்ததைப் போட்டு அனுப்புவார்கள். கேட்டால் கண்ணைச் சிமிட்டாமல் சத்தியம் செய்வார்கள். நான் முடுக்கின நட்டை நான்தான் கழற்ற வேண்டும். இது பிடிவாதம் என்றால் பிடிவாதம்தான்.

முதலில் பழைய இரும்புக் கடைக்குப் போனேன். நொறுங்கின கார்களைப் பிரித்துக் குவித்து வைத்திருக்கிற பெரிய இடம் அது. உள்ளே போகிற தண்டு வேண்டும் என்றேன். கடைக்காரன் மூன்றை எடுத்துப் போட்டான். இரண்டு முனையிலும் எந்தப் பக்கமும் மடங்கிச் சுற்றுகிற கிராஸ் ஜாயிண்ட், நடுவில் குழாய்க்குள் குழாய்.

"எந்த வண்டிக்கு, பெரியவரே?"

"என் வண்டிக்கு."

"அது என்ன வண்டி?"

"அது எதுக்கு உனக்கு? தண்டக் காட்டு."

முதலாவதில் கிராஸ் ஆடியது. இரண்டாவது பார்க்க நன்றாக இருந்தது. வெளிச்சத்தில் பிடித்தேன். உள் குழாயில் விரல் அகலத்துக்குப் பளபளவென்று ஒரு தடம். ஏற்கெனவே ஒரு மோதலில் உள்ளே போய், யாரோ இழுத்து நேராக்கியது. ஒருமுறை உள்ளே போனது போனதுதான், மறுபடி அதை நம்பக் கூடாது.

"இது அடிபட்டது."

"சேச்சே, புதுசு மாதிரி இருக்கு பாருங்க."

"மாதிரின்னு நீயே சொல்லிட்ட."

மூன்றாவதை எடுத்துக்கொண்டேன்.

வண்டியிலிருந்து ஸ்டியரிங் பெட்டியை இறக்கிப் பிரித்து, தண்டை வெளியே எடுத்தேன். நடுத்துண்டை வெட்டி எடுத்துவிட வேண்டும். மிஞ்சுகிற மேல்துண்டின் முனையிலும் அடித்துண்டின் முனையிலும் பல் வெட்ட வேண்டும். கிராஸ் ஜாயிண்டின் வாய்க்குள் இருக்கிற பல்லும் இந்தப் பல்லும் கவ்விக்கொள்ளும். அதற்கு மெஷின் வேண்டும். என்னிடம் இல்லை. மூன்று தெரு தள்ளி ஒரு லேத் பட்டறை. லேத்காரர் ஐம்பது வயது ஆள், காதில் எப்போதும் பென்சில்.

"இதுக்கு எதுக்குங்க இவ்வளவு பாடு? நடுவுல இதை வச்சு ரெண்டு பக்கமும் வெல்டிங் பிடிச்சா ஒரு மணி நேர வேல" என்றார்.

"ஸ்டியரிங் தண்டுல வெல்டிங் பிடிக்கிறவன் கையில விலங்கு மாட்டணும்" என்றேன்.

வெல்டிங் வெளியே அழகாக இருக்கும். உள்ளே முடி அளவுக்கு ஒரு வெடிப்பு இருந்தால் யார் கண்டது? மற்ற இடத்தில் வெல்டிங் விட்டால் வண்டி நிற்கும். இங்கே விட்டால், சக்கரம் ஒரு பக்கம் போகும், கையில் இருக்கிற வட்டம் சும்மா சுற்றும்.

ஸ்டூலைப் போட்டு மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். ஒவ்வொரு பல்லாக எண்ணினேன். அரை மணி நேரம் பொறுத்தார் மனுஷன்.

"நிழல் விழுது. கொஞ்சம் தள்ளுங்க."

தள்ளினேன்.

"இன்னும் தள்ளுங்க. வெளிய ஒரு டீக்கட இருக்கு, அது வரைக்கும் தள்ளுங்க."

"நீ வெட்டு. நான் பாத்துட்டு இருக்கேன்."

"ஏங்க, இப்படி ஒருத்தரையும் நம்பாத ஆளு, வீட்டம்மாவ எப்படி நம்பிக் கட்டினீங்க? ஸ்கேல் வச்சு அளந்தா?"

கூட இருந்த வேலையாட்கள் சிரித்தார்கள்.

"அவ அண்ணன் சொன்னான், கட்டினேன்" என்றேன்.

அவருக்கு என்ன புரிந்ததோ, வாயை மூடிக்கொண்டு வெட்டினார். வேலை சுத்தம். சொல்லத்தான் வேண்டும். போல்ட் போகிற இடத்தில் தண்டில் ஒரு பள்ளம் வெட்டச் சொன்னேன், அதையும் அளவாக வெட்டினார். அந்தப் பள்ளத்தின் வழியாகப் போல்ட் குறுக்கே போனால், நட்டு தளர்ந்தாலும் தண்டு நழுவி வெளியே வராது.

மாட்டுவதற்குப் பத்து நாள் ஆனது. நெஞ்சு தைத்த ஆள் காருக்கடியில் படுத்து எழுந்திருப்பது எளிதில்லை. பத்து நிமிஷம் வேலை, இருபது நிமிஷம் சுவரில் சாய்ந்து உட்காருவது. முன்பு மேல்துண்டின் கீழ் முனையைப் பெட்டி பிடித்துக்கொண்டிருந்தது. இப்போது அது அந்தரத்தில் தொங்கும். அதனால் மேல்துண்டைச் சுற்றியிருக்கிற குழாயின் அடியில் ஒரு பேரிங் போட்டு, என்ஜினுக்கும் இருக்கைக்கும் நடுவில் இருக்கிற தகட்டோடு பட்டை வைத்து இறுக்கினேன். மேல்துண்டு ஒரு திசை, அடித்துண்டு ஒரு திசை, நடுத்தண்டு இரண்டுக்கும் குறுக்கே சாய்ந்தாற்போல் நின்றது. முன்னால் அடி விழுந்தால் முதலில் உள்ளே போகும், அதற்கும் மேலே போனால் பக்கவாட்டில் மடங்கும். நெஞ்சுக்கு வராது.

எல்லாம் சரியாக உட்கார்ந்ததும் கழற்றினேன். கறுப்பு பெயிண்ட் அடித்துக் காயவைத்து மறுபடி மாட்டினேன். பெயிண்ட் எதற்கென்று கேட்டால், துருப் பிடிக்காமல் இருக்க. உண்மையைச் சொன்னால், அவள் குனிந்து பார்த்தால் பழைய இரும்புக் கடைச் சாமான் மாதிரி தெரியக் கூடாது என்று.

அதன் பிறகுதான் நான் எதிர்பார்க்காத இடத்தில் வேலை நின்றது.

ஸ்டியரிங்கை மாற்றினால் அதைச் சோதிப்பது இரண்டு ஆள் வேலை. முன் சக்கரம் இரண்டையும் ஜாக்கியில் தூக்கிவிட்டு, ஒரு ஆள் மேலே உட்கார்ந்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை சுற்ற வேண்டும். இன்னொரு ஆள் அடியில் படுத்து, எங்கே உரசுகிறது, எது ஆடுகிறது, புகைக்குழாய்க்கும் ஜாயிண்டுக்கும் எவ்வளவு இடைவெளி என்று பார்க்க வேண்டும். நான் ஒருத்தன்.

ஸ்டியரிங் வட்டத்தில் கயிறு கட்டி, கதவு வழியாக இறக்கி, அடியில் படுத்துக்கொண்டு இழுத்துப் பார்த்தேன். கால் சுற்று வந்து கயிறு நழுவி முகத்தில் விழுந்தது. முகம் மழிக்கிற கண்ணாடியைத் தரையில் சாய்த்து வைத்து, மேலே உட்கார்ந்து எட்டிப் பார்த்தேன். என் முகம்தான் தெரிந்தது. அப்போது ஒரு விஷயம் கவனித்தேன். சுற்றும்போது கனக்கிறது, உடனே லேசாகிறது, மறுபடி கனக்கிறது. நிறுத்திவிட்டு என் இடது கையைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்த பெண், "இடது கைக்குப் பாதி பலம்தான் இருக்கு, போகப் போக வரும்" என்று சொல்லியிருந்தாள். வரவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். அன்று முழுக்க அந்தக் கையைப் பிசைந்துகொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் கடிகாரச் சத்தத்தைத் தவிர ஒன்றுமில்லை.

யாரைக் கூப்பிடுவது? மச்சான் இருந்தால் கூப்பிடவே வேண்டாம், வந்து நின்றிருப்பான். நிலையத்தில் கூட வேலை பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஒருத்தனோடு ஸ்பானர் விஷயத்தில் பேச்சு நின்று பதினொரு வருஷம். இன்னொருத்தன் என்னைப் பார்த்தால் தெருவை மாற்றிப் போகிறான். மாப்பிள்ளை நல்ல பையன்தான், ஆனால் போன் செய்தால், "மாமா, அத வித்துருங்களேன்" என்பார். பெயர் பெயராக யோசித்துக்கொண்டு போனேன். சீக்கிரம் முடிந்துவிட்டது.

மிஞ்சியது பக்கத்து வீடு. அங்கே ஒரு அம்மாள் தனியாக இருக்கிறாள். இருபத்தாறு வருஷம் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். குரல் தெருக்கோடிக்குக் கேட்கும், அதனால் நான் மனதுக்குள் வைத்த பெயர் ஹாரன். போன வருஷம் என் கிரைண்டர் சத்தம் தாங்கவில்லை என்று புகார் எழுதிக் கொடுத்தவள். அவள் வளர்க்கிற செடி என் சுவரை வெடிக்க வைக்கிறது என்று நானும் எழுதிக் கொடுத்தேன். அதோடு சரி.

காலையில் சட்டையை மாற்றிக்கொண்டு அவள் கேட்டின் முன்னால் போய் நின்றேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னண்ணே, செடிய வெட்டணுமா?"

"இல்ல."

"அப்ப கிரைண்டர் ஓட்டப் போறீங்க, முன்கூட்டியே சொல்ல வந்தீங்க."

"இல்ல. ஒரு ஸ்டியரிங்க சுத்தணும்."

தண்ணீர்ப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"என்னது?"

சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றுதான்.

"ஆளு கிடைக்கலையாக்கும்" என்றாள்.

"கிடைச்சா உன்கிட்ட வருவேனா?"

"அதுவும் சரிதான். இருங்க, கை கழுவிட்டு வர்றேன்."

வந்து இருக்கையில் உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிட்டாள். இருக்கை குழியாக இருக்கிறது, பிரேக் எட்டவில்லை, கண்ணாடி கோணலாக இருக்கிறது, இதை ஓட்டுகிறவன் மனுஷனா என்றாள். வாயை மூடிக்கொண்டு சுற்றச் சொல்லிவிட்டு அடியில் புகுந்தேன்.

சுற்றினாள். கால் சுற்று. அரைச் சுற்று.

"அண்ணே, கனக்குது."

"ம்."

"இப்ப லேசாயிடுச்சு. இந்தா, மறுபடி கனக்குது."

"அது என் கைக்கு அப்படித்தான் இருக்கும்" என்றேன் அடியிலிருந்து.

"உங்க கையா? இங்க சுத்துறது என் கைண்ணே."

அடியில் அப்படியே கிடந்தேன். ஒரு முட்டாளுக்கு அது நல்ல இடம்.

பிறகு விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு கிராஸ் ஜாயிண்டுக்கும் கவை மாதிரி இரண்டு கை உண்டு. நடுத்தண்டின் மேல் முனைக் கவையும் கீழ் முனைக் கவையும் ஒரே வாக்கில் நிற்க வேண்டும். அப்போதுதான் மேல் ஜாயிண்ட் செய்கிற தள்ளாட்டத்தைக் கீழ் ஜாயிண்ட் அடக்கும். முதல் தடவை நான் அப்படித்தான் வைத்திருந்தேன். பெயிண்ட் அடிக்கக் கழற்றினபோது குழாயை உருவிவிட்டேன். திரும்பச் சொருகினபோது கால் சுற்று தள்ளிச் சொருகியிருக்கிறேன். ஒரு கவை நின்றுகொண்டிருக்கிறது, ஒன்று படுத்துக்கொண்டிருக்கிறது. ஆக இரண்டும் சேர்ந்து தள்ளாடுகின்றன. நிலையத்தில் புதிதாக வந்தவன் இதைச் செய்திருந்தால் அன்றே விரட்டியிருப்பேன்.

ஊரில் ஒருத்தன் வேலையையும் நம்பாதவன், என் வேலையைச் சந்தேகப்படவில்லை. கையைச் சந்தேகப்பட்டு ஒரு நாள் முழுக்கப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"என்னண்ணே, தூங்கிட்டீங்களா?"

"தப்பா சொருகியிருக்கேன்."

"யாரு?"

"நான்தான்மா. நான்."

"இன்னொரு தடவ சொல்லுங்க, சரியா கேக்கல" என்றாள். கேட்டிருக்கிறது, பேருந்து ஓட்டினவள் காது.

போல்ட்டைக் கழற்றி, தண்டை இறக்கி, உருவி, கால் சுற்று திருப்பிச் சொருகினேன். கழற்றின நட்டுகளைத் தூரப் போட்டுவிட்டுப் புது நட்டு போட்டு முடுக்கினேன். ஒருமுறை கடித்த லாக் நட் மறுமுறை அவ்வளவு கடிக்காது. அவள் சுற்றினாள். ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை ஒரே கனம். புகைக்குழாய்க்கு இரண்டு விரல் இடைவெளி. பத்துத் தடவை சுற்றச் சொன்னேன். பத்துத் தடவையும் சுற்றினாள், முனகிக்கொண்டேதான்.

வண்டியை இறக்கித் தெருவில் ஓட்டினோம். முதலில் நான், பிறகு அவள். வளைவில் திருப்பிவிட்டுக் கையை விட்டாள், வட்டம் தானாக நேருக்கு வந்தது. அடுத்த நாள் சோதனை அலுவலகத்துக்கும் கொண்டுபோனேன். ஸ்டியரிங்கில் கை வைத்துவிட்டு வண்டியின் காகிதத்தில் எழுதாமல் ஓட்டுவது திருட்டுத்தனம். அங்கே ஒரு அதிகாரி வெள்ளைச் சட்டையோடு தரையில் படுத்து இருபது நிமிஷம் பார்த்தார். பல்லைத் தடவினார், பள்ளத்தில் போல்ட் போகிறதா என்று கம்பியால் குத்திப் பார்த்தார். எழுந்து, "யார் செஞ்சது?" என்றார். "நானும் பக்கத்து வீட்டம்மாவும்" என்றேன். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

திரும்பி வந்து வண்டியை நிறுத்தும்போது ஹாரன் கேட்டில் நின்றிருந்தாள்.

"எங்க போகப் போறீங்க இத எடுத்துக்கிட்டு?"

வீட்டுக்காரியைக் கூட்டிவர என்றேன். ஆஸ்பத்திரியில் அவள் சொன்னதைச் சொன்னேன்.

"அவங்ககிட்ட கேட்டீங்களா, வர்றியான்னு?"

"கேக்க என்ன இருக்கு? ஒரு காரணம் சொன்னா. அத எடுத்தாச்சு."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். செடிப் பக்கம் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு நாலு நாள் இருந்தது. காத்திருக்கவில்லை. நான் போன் செய்தேன்.

"என்ன ஆச்சு? நெஞ்சு வலிக்குதா?" என்றாள் எடுத்தவுடனே.

"வலியெல்லாம் இல்ல. தண்ட மாத்திட்டேன்."

"எத?"

சொன்னேன். இரும்புக் கடையில் ஆரம்பித்து ஒன்று விடாமல் சொன்னேன். என் வாழ்நாளில் போனில் அவ்வளவு பேசினதில்லை. தப்பாகச் சொருகினதையும் சொன்னேன். பக்கத்து வீட்டம்மா சுற்றினாள் என்றதும், "அந்தம்மா வந்தாங்களா?" என்று கேட்டாள். குரலில் கொஞ்சம் சிரிப்பு இருந்தது. எனக்குத் தெம்பு வந்துவிட்டது.

"இனிமே முன்னாடி எது மோதினாலும் தண்டு நெஞ்சுக்கு வராது. ஒரு சாண், நாலு விரல் வரைக்கும் உள்ளயே போயிடும். அதுக்கு மேலயும் ரெண்டு விரல் வச்சிருக்கேன்."

"அது என்ன ஒரு சாண் நாலு விரல்?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். பொய் சொல்லியிருக்கலாம். தொழில் கணக்கு என்றிருந்தால் விட்டிருப்பாள்.

"உங்க அண்ணன் வண்டியில அளந்தது" என்றேன்.

அந்தப் பக்கம் பேத்தி எதையோ கேட்டு அழுகிற சத்தம். ஒரு கதவு சாத்துகிற சத்தம். பிறகு அவள் மட்டும்.

"எப்ப அளந்தீங்க?"

"நடந்த மறுவாரம். வண்டிய இழுத்துப் போட்டிருந்த இடத்துக்குப் போனேன். தண்டு எவ்வளவு பின்னால வந்திருக்குன்னு அளந்தேன்."

"வீட்டுல, வேகமாப் போயிருக்கான்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"வேகமாப் போகலையா?"

"போகல."

"இருபத்தொம்பது வருஷமாத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டே ஓட்டினீங்க. என்னையும் பக்கத்துல உக்கார வச்சு ஓட்டினீங்க."

நான் மெதுவாகத்தான் ஓட்டுவேன் என்று அப்போதெல்லாம் எனக்குள் சொல்லிக்கொள்வேன். அவனும் மெதுவாகத்தான் போனான்.

"அதான் இப்ப சரி பண்ணிட்டேன்ல" என்றேன்.

"நான் அத சரி பண்ணச் சொல்லலங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப் போய்ச் சொன்னாள். "வண்டி ஓட்டாதீங்கன்னு சொன்னேன். போதும், நிறுத்துங்கன்னு சொன்னேன்."

"நீ அப்படிச் சொல்லலையே. தண்டு இருக்கிற வரைக்கும் ஏற மாட்டேன்னுதான் சொன்ன."

"எப்படிச் சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்க?"

முப்பத்து நாலு வருஷம் பழுது கேட்டுப் பழுது பார்த்தவன் நான். பம்ப் அலறுகிறது என்பார்கள், போய்ப் பார்ப்பேன். கசிகிறது என்பார்கள், அடைப்பேன். அவள் சொன்னதையும் அப்படியே எடுத்துக்கொண்டேன். கட்டில் பக்கத்தில் அவள் எப்படி நின்றாள், முகம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்க்க முயன்றேன். வரவில்லை. அன்று நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தண்டை யோசிக்க ஆரம்பித்திருந்தேன்.

"அப்ப வர மாட்டியா?" என்றேன். கேட்டதும்தான் தெரிந்தது, ஏழு மாதத்தில் நான் இதைக் கேட்டதே இல்லை என்று.

வைத்துவிட்டாளோ என்று பார்த்தேன். வைக்கவில்லை.

"அந்த வண்டியில வர மாட்டேன். நல்லாத்தான் செஞ்சிருப்பீங்க. உங்க வேல எனக்குத் தெரியாதா? ஆனா வர மாட்டேன்."

"வேற எப்படி வருவ?"

"இப்ப வரல. நீங்க வாங்க."

"நாளைக்குக் காலைல கிளம்பினா—"

"பஸ்ல வாங்க."

நான் பஸ்ஸில் ஏறி எத்தனை வருஷமோ. எவன் ஓட்டுகிறானோ, எவன் நட்டு முடுக்கினானோ, ஒன்றும் தெரியாமல் எப்படி உட்காருவது?

"எத்தன நாளைக்கு?"

"வாங்க மொதல்ல" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

சாயங்காலம் கொட்டகைக்குப் போய் வண்டியின் முன் மூடியைத் திறந்தேன். கறுப்புப் பெயிண்ட் அழுக்குப் படாமல் இருந்தது. நல்ல வேலை. என் கையால் செய்ததில் இதைவிட நல்ல வேலை இருக்கும் என்று தோன்றவில்லை. காட்ட ஆள் இல்லை. பேட்டரி வயர் இரண்டையும் கழற்றி ஒதுக்கிவிட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, துணி போட்டு மூடினேன். வண்டி கொஞ்ச நாள் நிற்கப் போகிறது என்றால் வழக்கமாகச் செய்கிற வேலைதான். ஆனாலும் மெதுவாகச் செய்தேன்.

காலையில் பையை எடுத்துக்கொண்டு ஹாரன் வீட்டுக்குப் போய் வீட்டுச் சாவியை நீட்டினேன்.

"என்கிட்டயா?" என்றாள்.

"தண்ணி மோட்டார் வாரம் ஒருக்கா ஓடணும். இல்லன்னா பிடிச்சுக்கும்."

"உள்ள எல்லாத்தையும் எண்ணி வச்சிருப்பீங்களே."

"எண்ணலம்மா."

அவள் சாவியைக் கையில் வைத்துப் பார்த்தாள். கேலி ஒன்றும் வரவில்லை.

"அங்க போய் அவங்ககிட்ட தண்டு, ஜாயிண்ட்னு ஆரம்பிக்காதீங்கண்ணே."

"வேற என்ன பேச?"

"எனக்கென்ன தெரியும்? நான் கட்டினவர்கிட்ட பேசியே ஓட விட்டவ."

பஸ் நிலையத்தில் ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கிற இருக்கை நிறைந்திருந்தது. பின்னால் ஜன்னலோரம் ஒன்று காலி. ஓட்டுநர் டீ டம்ளரை வைத்துவிட்டு ஏறினான். நடுவயது ஆள், கண் சிவந்திருந்தது. தூங்கினானா இல்லையா தெரியவில்லை. கேட்கலாமா என்று வாய் வரை வந்தது. பஸ்ஸின் முன்பக்கம் என்ன மாதிரித் தண்டு இருக்கிறது, யார் கடைசியாகக் கழற்றினது என்றும் தெரியவில்லை. பக்கத்து இருக்கையில் யாரும் வரவில்லை. வண்டி குலுங்கிக் கிளம்பியது. அவளிடம் முதலில் என்ன சொல்வது என்று யோசித்துப் பார்த்தேன். மூன்று மணி நேரம் இருந்தது.